ஐயா குழுவில் இணைந்தார்

ஆய்வு மாணவர்கள் தமக்குள் கூடிப் பேசும் இடத்தில் ஆசிரியர் இருக்கலாமா, இருந்தால் எவ்வாறு இருக்க வேண்டும் என்று நண்பர் ஒருவர் எங்களைக் கேட்டார். அவர் பணியாற்றும் கல்லூரியில் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்கென ஒரு வாட்ஸப் குழு தொடங்கப் போகிறார்களாம். துறையின் ஆசிரியர்கள் அனைவரையும் அதில் சேர்ப்பதென்று முடிவாகியிருக்கிறதாம். "உங்களுக்கு இதில் அனுபவம் உண்டே, இரண்டு வரி எழுதித் தாருங்கள்" என்றார். இரண்டு வரியில் அடங்கவில்லை. சொல்லத் தயங்கிய ஒன்றும் அதற்குள் இருந்தது.

நாங்கள் ஐந்து பேர். விழுப்புரம் மாவட்டத்து வல்லம் ஒன்றியத்தின் ஊர்களில் பிறந்தவர்கள். வெவ்வேறு ஊர்க் கல்லூரிகளில் தமிழாய்வுக்குப் பதிந்திருந்தோம். எங்கள் குடும்பங்களில் கல்லூரிப் படியேறிய முதல் தலைமுறை நாங்கள்தாம். ஆய்வேடு என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் ஆளில்லை. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஓடும் பேருந்தின் பின் இருக்கைகளே நெடுங்காலம் எங்கள் கருத்தரங்கக் கூடமாக இருந்தன. ஒருவர் படித்ததை மற்றவருக்குச் சொல்வார். மற்றவர் மறுப்பார். இறங்குமிடம் வந்துவிடும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. பேருந்து நின்றது, பேச்சும் நின்றது. சூன் மாதத்தில் எங்களுள் ஒருவர் வாட்ஸப்பில் ஒரு குழு தொடங்கினார். ஞாயிறுதோறும் இரவு எட்டு மணிக்குக் கூகுள் மீட்டில் கூடுவோம். வீட்டுக்குள் சமிக்ஞை கிடைக்காதவர்கள் மொட்டை மாடியில் ஏறி நின்று பேசுவார்கள். பின்னணியில் நாய் குரைக்கும், யாருடைய தாயாராவது சாப்பிட அழைப்பார். மூன்று மாதத்தில் நண்பர்களின் நண்பர்கள் சேர்ந்து 23 பேரானோம்.

அந்தக் குழு எங்களுக்கு என்னவாக இருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். வெளியே கேட்க வெட்கப்படும் கேள்விகளை அங்கே கேட்டோம். நச்சினார்க்கினியர் எந்த நூற்றாண்டு என்று முனைவர் பட்ட மாணவர் ஒருவர் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை, ஏனெனில் பாதிப் பேருக்கு உறுதியாகத் தெரியாது. அடிக்குறிப்பு எப்படி இடுவது, வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்த இருநூறு பக்கத்தை யூனிகோடுக்கு மாற்றும்போது 'ஸ்ரீ' மட்டும் ஏன் உடைந்துபோகிறது, நூலகம் மூடியிருக்கும் நாளில் பழைய பதிப்பை எங்கே பார்ப்பது என்றெல்லாம் பேச்சு ஓடும். (எழுத்துரு மாற்றத்தில் தமிழ் ஆய்வுலகம் இழந்த இரவுகளைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்.) சில இரவுகளில் சண்டையும் வந்தது. ஐங்குறுநூற்றின் திணை வைப்பு முறையைப் பற்றி இருவர் இரண்டு நாள் பேசாமல் இருந்தார்கள்.

அவ்வாண்டின் இறுதியில், எங்களுள் ஒருவர் தம் நெறியாளரைக் குழுவில் சேர்த்தார். அவர் மீது பிழை சொல்ல முடியாது. தம் மாணவர் ஒரு குழுவில் பேசுகிறார் என்று நெறியாளர் கேள்விப்பட்டு, "என்னையும் சேருங்களேன், நானும் பார்க்கிறேன்" என்றிருக்கிறார். எப்படி மறுப்பது? அன்றிரவு திரையில் அந்தச் சிறு வரி தோன்றியது. அடுத்த ஐந்து நிமிடத்தில் 'ஐயா வணக்கம்' என்று பதினெட்டுச் செய்திகள் வந்தன.

பிறகு குழுவில் என்ன நடந்தது என்பதை இப்போது பின்னோக்கிப் பார்த்தால் தெளிவாகத் தெரிகிறது. அன்று தெரியவில்லை. கேள்விகள் குறைந்தன. வந்த கேள்விகளும் உடையுடுத்தி வந்தன. அடிக்குறிப்பு எப்படி இடுவது என்று எவரும் கேட்கவில்லை, 'மேற்கோள் நெறிமுறைகளின் அண்மைக்காலப் போக்குகள் குறித்து ஐயா அவர்கள் விளக்கியருள வேண்டுகிறேன்' என்றார்கள். ஐயாவும் விளக்கினார். நீண்ட செய்தி. அதன் கீழே கூப்பிய கைகள். அதற்குப் பின் அந்தப் பொருளில் ஒரு சொல்கூட எழாது. பிறந்தநாள் வாழ்த்தும் நாளிதழ் நறுக்குகளும் பெருகின.

இப்போது அந்தத் தோழியைப் பற்றி. எங்கள் ஒன்றியத்தைச் சேர்ந்தவர். அவருடைய பாட்டனார் கூத்தில் மத்தளம் வாசித்தவர், பாடவும் வல்லவர். திரௌபதி அம்மன் திருவிழாக்களில் நிகழும் பாரதச் சொற்பொழிவைப் பற்றித் தோழி ஆய்வு செய்துகொண்டிருந்தார். செஞ்சிப் பகுதியை அறிந்தவர்களுக்கு அவ்விழாவைச் சொல்ல வேண்டியதில்லை. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, முடிவில் மண்ணால் துரியோதனன் உருவத்தைப் பெரிதாகச் செய்து கிடத்திப் படுகளம், அம்மன் கூந்தல் முடித்தல், தீமிதி. அக்கோயில்களின் முன்னே கையில் ஒரு தலையை ஏந்தியபடி ஒரு காவல் வீரன் நிற்பான். போத்துராஜா என்றும் போர்மன்னன் என்றும் சொல்வார்கள். அவனிடமிருந்த வழிபாட்டுப் பொருள்களைப் பாண்டவர்கள் சூழ்ச்சியால் கைக்கொண்ட கதையையும், பாண்டவரின் தங்கை ஒருத்தியை அவனுக்கு மணமுடித்த கதையையும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அறிவார்கள். வில்லிபுத்தூரார் பாரதத்தில் அவன் இல்லை.

தோழி ஒருநாள் குழுவில் கேட்டது இதைத்தான். பிரசங்கியார் கையில் வில்லிபாரதம் இருக்கிறது, பாடலைப் படித்துப் பொருளும் சொல்கிறார். அந்நூலில் இல்லாத போர்மன்னனை எந்த இடத்தில், எப்படி உள்ளே கொண்டுவருகிறார்? கேட்பவர்களுக்கு அந்தத் தையல் தெரிகிறதா?

நெறியாளர் உடனே விடையளித்தார். நூலில் இல்லாதவை பாமரர் இட்டுக்கட்டியவை, ஆய்வாளர் முதலில் மூலநூலை முழுமையாகப் படிக்க வேண்டும், அதன் பிறகு ஐயம் கேட்கலாம் என்பது அதன் சாரம். கடுஞ்சொல் எதுவும் இல்லை. 'அம்மா' என்றுதான் விளித்திருந்தார். சில நிமிடம் யாரும் எதுவும் எழுதவில்லை. பிறகு ஒருவர் கூப்பிய கைகளை இட்டார். இன்னும் ஆறு பேர் இட்டார்கள். அவற்றுள் இரண்டு எங்களுடையவை.

அது தவறான விடை என்பது எங்களுள் ஒருவருக்காவது அன்றே தெரியும். ஆல்ஃப் ஹில்டெபைடல் என்னும் அமெரிக்க அறிஞர் செஞ்சிப் பகுதியின் திரௌபதி வழிபாட்டைப் பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய பெருநூலின் முதல் தொகுதி 1988இல் சிகாகோ பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்தது. செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை என்பது அத்தொகுதியின் துணைத்தலைப்பு. போர்மன்னனைப் பற்றி அதில் விரிவாகப் பேசுகிறார். எங்கள் ஊர்க் கோயில் வாசலில் நிற்பவனைப் பற்றிச் சிகாகோவில் அச்சான நூல் இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. எங்களுள் ஒருவருடைய தொகுப்புரை அப்போது அந்த நெறியாளரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. மற்ற நால்வருக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

ஒரு மாதம் கழித்துத் தோழி குழுவிலிருந்து வெளியேறினார். அடுத்த ஆண்டு பதிவைப் புதுப்பிக்கவில்லை என்று கேள்விப்பட்டோம். வீட்டில் பணமுடை இருந்தது, திருமணப் பேச்சும் இருந்தது. அந்த ஒரு விடையால்தான் ஆய்வை விட்டார் என்று சொல்லமாட்டோம். ஆனால் இடர் வந்த நேரத்தில் தொற்றிக்கொள்ள ஒரு கொம்பு வேண்டுமல்லவா, அது அவருக்கு இல்லாமல் போனதில் எங்களுக்குப் பங்குண்டு.

அந்த நெறியாளரைக் கொடியவராகக் காட்டுவது எங்கள் நோக்கமன்று. மாணவரின் இயலைக் கையில் பென்சிலோடு வரி வரியாகத் திருத்தித் தருபவர். தொற்றுக் காலத்தில் ஒரு மாணவரின் தந்தைக்கு மருத்துவமனைப் படுக்கை தேடி நள்ளிரவு வரை தொலைபேசியில் அலைந்தவர். குறை அவருடைய குணத்தில் இல்லை என்றே இன்று நினைக்கிறோம். ஒரு முனைவர் பட்ட மாணவருடைய அரையாண்டு அறிக்கை, தொகுப்புரை, ஆய்வேடு என ஒவ்வொரு கதவிலும் நெறியாளரின் கையெழுத்து வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி பேராசிரியர் எட்டுப் பேர் வரையும், இணைப்பேராசிரியர் ஆறு பேர் வரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேர் வரையும் நெறிப்படுத்தலாம். அந்தக் கையெழுத்தை வைத்திருப்பவர் அறைக்குள் வரும்போது கையெழுத்தும் கூடவே வருகிறது. அவர் எவ்வளவு அன்பாகப் பேசினாலும் கேட்பவர் காதில் மதிப்பெண் விழுகிறது. விடை சொல்வதே தம் கடமை என்று அவரும் நம்புகிறார். முப்பதாண்டு அதைத்தானே செய்திருக்கிறார்.

இது நம் ஊர் நோய் மட்டும் என்று எண்ணியிருந்தோம். ஆஸ்திரேலியாவின் ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகம் வானியலில் இணையவழி முதுநிலைப் படிப்பொன்றை நடத்தி வந்தது. மாணவர்கள் உலகெங்கும் இருந்தார்கள், வகுப்பு என்பதே எழுத்தில் நடந்த கலந்துரையாடல்தான். அங்கே பணியாற்றிய மார்கரெட் மசோலினி, சாரா மாடிசன் இருவரும் அந்த உரையாடல்களை எண்ணிப் பார்த்து 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆசிரியர் இங்கே ஞானியா, வழிகாட்டியா, ஆவியா என்பது தலைப்பின் பொருள். ஆசிரியர் மிகுதியாக எழுதினால் மாணவரும் மிகுதியாக எழுதுவார்கள் என்று எதிர்பார்த்தார்கள், அப்படி நடக்கவில்லை. ஆசிரியர் அடிக்கடி எழுதிய இடங்களில் உரையாடல் தொடர்கள் சராசரியாகக் குறுகிப் போயின. ஆனால் அதே மாணவர்கள், மிகுதியாக எழுதிய ஆசிரியரைத்தான் ஆர்வமும் புலமையும் உடையவர் என்று மதிப்பிட்டார்கள். இதைப் படித்தபோது எங்கள் கூப்பிய கைகள் நினைவுக்கு வந்தன. தம்மைப் பேசவிடாதவரை நன்றியோடு பாராட்டுவது தமிழருக்கு மட்டும் உரிய பண்பன்று போலும்.

ஆசிரியர் வரவே கூடாது என்பதா? அப்படியும் ஓராண்டு இருந்து பார்த்தோம். 2021இல் நெறியாளர் வேலைப் பளுவால் தாமே விலகிக்கொண்டார். குழு பழையபடி உயிர்த்தெழும் என்று நினைத்தோம். ஓரளவு எழுந்தது. ஆனால் பேச்சு ஓரிடத்தில் போய் முட்டிக்கொண்டது. தெரியாதவர்கள் கூடித் தெரியாததைச் சுற்றிச் சுற்றி வந்தோம். தவறான ஆண்டு ஒன்றை ஒருவர் சொல்ல, அது நான்கு பேருடைய இயலில் ஏறிவிட்டது. மத்திய அரசு 2017இல் தொடங்கிய சுவயம் படிப்புகள் சிலவற்றிலும் சேர்ந்தோம். காணொளி, படிப்பதற்கான உரை, தேர்வு ஆகியவற்றோடு ஐயம் தீர்க்கும் கலந்துரையாடலுக்கும் அங்கே இடமுண்டு. நாங்கள் சேர்ந்த படிப்புகளில் அந்த இடம் பெரும்பாலும் சான்றிதழ் எப்போது வரும் என்ற கேள்வியால் நிரம்பியிருந்தது.

அந்த நாள்களில்தான் உ.வே.சாமிநாதையரின் தன்வரலாற்றை மீண்டும் படித்தோம். பாட நூலாக முன்பே படித்ததுதான். இம்முறை வேறொன்று கண்ணில் பட்டது. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் அவர் தமிழாசிரியராகச் சேர்கிறார். அதே ஆண்டு அங்கே முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று அவரைக் கேட்கிறார். இல்லை. கல்லூரி ஆசிரியர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர், இல்லை என்கிறார். பிறகு சுவடியை எடுத்துப் படிக்கத் தொடங்குகிறார். நச்சினார்க்கினியர் உரை கையிலிருந்தும் சமணக் குறிப்புகள் பல விளங்கவில்லை. கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிப் போகிறார். அங்கே சந்திரநாத செட்டியார் என்பவர் வீட்டில் தோரணம் கட்டியிருக்கிறது, ஏதோ விழாக்கோலம். விசாரித்தால், பல மாதமாக நடந்து வந்த சிந்தாமணிப் பாடம் அன்று நிறைவெய்திய கொண்டாட்டம் அது. அதுவரை எவரும் படிக்காமல் கிடக்கிறது என்று தாம் எண்ணிய நூலை ஒரு வீட்டில் கூடிப் படித்து முடித்திருக்கிறார்கள்! அங்கே பாடம் சொன்னவர் வீடூர் அப்பாசாமி நயினார்.

வீடூர் எங்கள் மாவட்டத்து ஊர். இன்று அணையால் பெயர் தெரிந்த ஊர். எங்கள் வல்லத்துக்குப் பக்கத்தில்தான் தமிழ்ச் சமணரின் மடம் அமைந்த மேல்சித்தாமூர். அந்த ஊர்களின் வழியே எத்தனையோ முறை போயிருக்கிறோம். அவற்றின் அறிவு மரபுக்கும் எங்கள் ஆய்வுக்கும் தொடர்புண்டு என்று தோன்றியதில்லை. சம்பளம் பெறும் கல்லூரி ஆசிரியர் ஒருவர், பட்டமும் பதவியும் இல்லாத வீடூர்க்காரர் ஒருவரின் எதிரே அமர்ந்து, 'எனக்கு இது விளங்கவில்லை' என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்விகளும் சேர்ந்துதான் 1887இல் சிந்தாமணிப் பதிப்பாக அச்சேறின.

நா.வானமாமலை நெல்லையில் நடத்திய ஆய்வுக் குழுவைப் பற்றியும் அப்போது பேசினோம். எல்லாரும் அவரைப் பேராசிரியர் என்றே அழைத்தார்கள். அவர் பிழைப்புக்கு நடத்தியது பாளையங்கோட்டையில் ஒரு தனிப்பயிற்சிக் கல்லூரி. எவருடைய பட்டத்துக்கும் அவருடைய கையெழுத்து தேவைப்படவில்லை. இளைஞர்கள் கட்டுரை படிப்பார்கள், விவாதம் நடக்கும், தேறியவை 1969இல் அவர் தொடங்கிய 'ஆராய்ச்சி' இதழில் வெளிவரும். ஆ.சிவசுப்பிரமணியன் போன்றவர்கள் அந்தக் கூட்டத்திலிருந்து உருவானவர்கள். நாட்டுப் பாடலை ஆய்வுப் பொருளாக ஏற்கப் பல தமிழ்த்துறைகள் தயங்கிய காலம் அது. 1964இல் தாம் தொகுத்து வெளியிட்ட நாட்டுப் பாடல் நூலில், பாடல்களைச் சேகரித்துத் தந்தவர்களின் பெயர்களை அவர் குறித்திருக்கிறார். எங்கள் தோழியின் போர்மன்னன் அந்த அவையில் பாமரர் இட்டுக்கட்டிய சரக்காகியிருக்கமாட்டான்.

2022இல், ஒரு திருமண வீட்டுப் பந்தியில், அரசுக் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரை எங்களுள் ஒருவர் சந்தித்தார். பாயசம் வருவதற்குள் எங்கள் குழுவின் கதையைச் சொல்லி முடித்துவிட்டார். பெரியவர் தாமும் வரலாமா என்று கேட்டார். எங்களுக்குள் வாக்குவாதம். பழைய சூடு ஆறவில்லை. இறுதியில் வரச் சொன்னோம்.

அவர் முதல் ஞாயிற்றுக்கிழமை எதுவும் பேசவில்லை. இரண்டாம் ஞாயிறு, தாம் எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரையின் முதல் நான்கு பக்கத்தை அனுப்பி, இதில் எங்கே தடுக்குகிறது என்று சொல்லுங்கள் என்றார். எவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் முறை கேட்ட பிறகு, முதுகலை முதலாண்டு படிக்கும் ஒரு பையன், இரண்டாம் பக்கத்தில் குறித்திருக்கும் பதிப்பாண்டு தவறு ஐயா என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். பெரியவர் எழுந்து போனார். அலமாரி திறக்கும் ஓசை கேட்டது. திரும்பி வந்து, "நீ சொன்னதுதான் சரி தம்பி, நான் பதினைந்து வருஷமாத் தப்பாச் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார். அன்றைய பேச்சு நள்ளிரவைத் தாண்டியும் ஓடியது.

அவரிடமும் குறையுண்டு. தம் மாணவப் பருவத்து விடுதிக் கதையைத் தொடங்கினால் முக்கால் மணிநேரம் போய்விடும், அதுவும் அதே கதை. ஒலியை அணைக்க மறந்துவிட்டுத் தொலைக்காட்சி பார்ப்பார். ஆனால் விடை தெரிந்த கேள்விக்குக்கூட அவர் உடனே விடை சொல்வதில்லை, வேறு யாருக்காவது தெரியுமா என்று இரண்டு நாள் காத்திருப்பார். எவரும் சொல்லவில்லையென்றால் நூலின் பெயரையும் பக்கத்தையும் மட்டும் எழுதுவார். ஒருவர் தவறாகச் சொல்லிவிட்டால், அவர் பெயரைக் குறிப்பிடாமல், அதே பொருளில் தமக்குள்ள ஐயமாக அதைத் திருப்பிக் கேட்பார். நண்பருக்கு நாங்கள் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: ஆசிரியர்களைச் சேருங்கள், ஆனால் அவரவர் முடிக்காத வேலையோடு வரச் சொல்லுங்கள். மாணவர் ஒருவருடைய நெறியாளர் அவர் இருக்கும் குழுவில் வேண்டாம், வேறு துறையிலோ வேறு கல்லூரியிலோ உள்ளவர் வரட்டும். ஓய்வு பெற்றவர் கிடைத்தால் விடாதீர்கள்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு போர்மன்னன் பேச்சு தற்செயலாக வந்தது. பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதைப் பற்றி யாராவது வேலை செய்கிறார்களா என்று கேட்டார். பழைய செய்திகள் புதிதாகச் சேர்ந்த அவருக்குத் தெரியாது. நாங்கள் சொன்னோம், கூப்பிய கைகள் உட்பட. அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "அந்தப் பொண்ணுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டீங்களா?" என்றார். போடவில்லை. நாலு வருடமாகப் போடவில்லை.

மறுநாள் போட்டோம். தோழி இப்போது ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியை. கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது. "அந்த ஐயா இன்னும் இருக்காரா?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லை என்றோம். நாங்கள் அன்று பேசாமல் இருந்ததைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது, "அதெல்லாம் விடுங்க அண்ணா" என்று பேச்சை மாற்றினார். குழுவில் சேர்க்கட்டுமா என்றதற்குச் சேருங்கள் என்றார், குரலில் ஆர்வம் ஒன்றும் தெரியவில்லை.

சேர்ந்து மூன்று வாரம் ஒரு சொல்லும் எழுதவில்லை. நான்காம் வாரம் ஓர் ஒலிப்பதிவை அனுப்பினார். மறைந்த அவருடைய பாட்டனார் பாடிய போர்மன்னன் பகுதி, 11 நிமிடம், இடையிடையே மத்தளம். விளக்கம் எதுவும் இல்லை. இம்முறை எவரும் கைகூப்பவில்லை. மறுநாள் மாலை பெரியவர் ஒரு வரி எழுதினார்: 'ஏழாவது நிமிடத்தில் தாளம் ஏன் மாறுகிறது அம்மா?'

அன்றிரவு பத்தேமுக்காலுக்குத் தோழியின் பெயருக்குக் கீழே, எழுதிக்கொண்டிருக்கிறார் என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது.